ஜேர்மனி மாமாவின் கோபுரம்

களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டார்கள். இனித் தாய்மாமன் வாயால் ஒரே ஒரு சொல் வரவேண்டும்: வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் குடியேறுவான். வீடில்லையென்றால் கலியாணப் பேச்சும் இல்லை. இந்த வீடோ பெண்ணின் தாய் கண்ணகையின் தம்பி நல்லரத்தினம் ஜேர்மனியில் உழைத்துக் கட்டியது, அவன் பேரிலேயே கிடக்கிறது.

அந்தச் சொல்லைத் தவிர மற்ற எல்லாம் நல்லரத்தினத்தின் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"இது ஜேர்மனியில எங்கட ஊர் மதில். சுவீடன்காரன் பீரங்கி கொண்டுவந்தும் உடைக்க ஏலாமப் போன மதில்," என்று மாப்பிள்ளையின் தாயிடம் கைபேசியை நீட்டினான். "இது மணிக்கூட்டுக் கோபுரம். ஒருக்கா எரிஞ்சது. திரும்பக் கட்டினாங்க, திரும்ப எரிஞ்சது."

"ஐயோ பாவம்," என்றாள் அந்த மனுசி. கோபுரத்தைச் சொன்னாளோ, தன்னைத்தான் சொன்னாளோ!

கண்ணகைக்கு உச்சி கொதித்தது. மகள் பிரஷாந்திக்கு முப்பது தாண்டிவிட்டது, முன்னமே ஒரு சம்பந்தம் முறிந்துபோயிற்று. இதையும் இவன் எங்கேயோ கிடக்கிற ஒரு குட்டி ஊரின் கல்லுக்கும் மண்ணுக்கும் பலிகொடுக்கப் பார்க்கிறானே! வீட்டைக் கொடுக்க மனசில்லையென்றால் சொல்லித் தொலைக்கலாமே! கண்ணைக் காட்டினாள், இருமினாள், பலகாரத் தட்டை அவன் முழங்காலில் இடித்தே வைத்தாள். அவன் அடுத்த படத்துக்கு, சந்தை முற்றத்து நீரூற்றுக்குப் போய்விட்டான். அதை எந்தப் பிரபு கட்டினான், ஏன் கட்டினான் என்று தொடங்கினான்.

மாப்பிள்ளையின் தகப்பன் சால்வையை உதறித் தோளில் போட்டார். எழும்பப் போகிறார்.

"டேய், வீடு ஆருக்கெண்டு சொல்லுடா!" சபையில் பெண்ணைப் பெற்றவள் கேட்கக் கூடாத கேள்வி. கேட்டுவிட்டாள்.

நல்லரத்தினம் கைபேசியை அணைத்தான்.

"வீடு பிள்ளைக்குத்தான் அக்கா. அதில ஆருக்குச் சந்தேகம்?" பிறகு மாப்பிள்ளையின் தகப்பன் பக்கம் திரும்பினான். "பின்னறையை மட்டும் எனக்கு விடுவீங்களோ? நான் இஞ்சயே வந்திரப் போறன். அங்க எனக்கு ஒருத்தரும் இல்ல. லீவு நாளில கதைக்க ஆளில்லாமத்தான் அந்த மதிலையும் கோபுரத்தையும் சுத்திச் சுத்தித் திரிஞ்ச நான்."

"அதுக்கென்ன, தாராளமா இருங்க," என்றார் அவர்.

சம்பந்தம் கூடிவிட்டது. கண்ணகைக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். அன்று முழுக்க வந்ததைவிடப் பெரிய கோபம்தான் வந்தது.

"நான் செத்தா போயிட்டன்?" என்று கத்தினாள். "ஒரு அறைக்கு, வந்த ஆக்களிட்டயாடா கேக்கிறாய்?"