பிரெஞ்சில் ஒரு சாம்பல் முயல்

தேனிலவுக்குப் பாரிஸ் போய் வந்த ஒரே குற்றத்துக்காக, இங்கிலாந்தின் டோவரில் எங்கள் தொடக்கப்பள்ளியின் பிரெஞ்சுப் பாடத்தைத் தலைமையாசிரியை மிசஸ் பிராத்வெயிட் என் தலையில் கட்டினார். "உனக்குத் தெரியலன்னா என்னம்மா, பிள்ளைங்களுக்கும்தான் தெரியாது" என்றார். பாடப்புத்தகம் என்னைவிட மோசம். பெயர், வயது, வீட்டுப் பிராணி, மழை. மனிதனுக்குப் பசிக்கும் என்பதே அதை எழுதிய புண்ணியவானுக்குத் தோன்றவில்லை.

கோடையில் பிள்ளைகளைக் கப்பலேற்றி அக்கரையில் பிரான்ஸின் கலே நகருக்கு அழைத்துப் போனோம். "ரொட்டிக் கடையில யாரு பேசப்போறது?" என்று கேட்டதும் ஒன்பது வயது கீலி முன்னால் வந்தாள். கடைக்கார அம்மாவிடம் தன் பெயரைச் சொன்னாள், வயதைச் சொன்னாள், வீட்டில் சாம்பல் நிற முயல் இருக்கிறது என்றாள், வெளியே மழை பெய்கிறது என்றாள். அத்தோடு சரக்கு தீர்ந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

அந்த அம்மா அசரவில்லை. கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு, தன் பெயர் ஒடில், வயது அறுபத்தொன்று, வீட்டில் ஒரு கிழட்டு நாய், ஆமாம் மழைதான் என்று நிதானமாகப் பதில் சொன்னார்.

கீலி என் பக்கம் திரும்பினாள்.

"பாவம் மிஸ், இவங்களும் நாலாம் பாடத்தைத் தாண்டல."