பன்னிரண்டடிக் குழி

அண்ணன் இரண்டடிதான் தோண்டச் சொல்லியிருந்தார். பூபாலன் பன்னிரண்டடி தோண்டி வைத்திருந்தான். இன்றைக்கு அண்ணன் பார்க்க வருகிறார்.

காங்கேயம் ரோட்டுக் கம்பி மில்லைக் கவனிப்பது பூபாலன். செக்கில் கையெழுத்துப் போடுவது, திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் மூத்தவர் சிவராஜ். கெஞ்சிக் கூத்தாடிப் புது ரோலிங் மெஷினுக்குச் சம்மதம் வாங்கியாகிவிட்டது. முப்பது வருஷம் உழைக்கும் மெஷின். அஸ்திவாரத்தில்தான் சிக்கல். சிவராஜ் பத்து வருஷத்தில் ஏழு வாடகை ஷெட் மாறியவர். வாஸ்துக்காரர் மூக்கைச் சுளித்தால் போதும், மறுநாளே பனியன் மெஷினெல்லாம் லாரியில் ஏறிவிடும். அதே நினைப்பில், "ரெண்டடி போதும், கழட்டி எடுத்துட்டுப் போறாப்பல வெய்யி" என்று இதற்கும் உத்தரவு போட்டுவிட்டார், மகராசன்!

வந்தவர் குழியை எட்டிப் பார்த்தார். முகம் சிவந்தது.

"ஏண்டா, கெணறா வெட்டறே? மண்ணுக்குள்ள பொதைக்கறதுக்கா காசு குடுத்தேன்? மூடச் சொல்லு. இல்லீனா செக்கு வராது."

அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழக்கமே இல்லை பூபாலனுக்கு, பாவம். டீ வந்தது. "இப்படி உக்காந்து குடிங்ணா" என்று, ஓடிக்கொண்டிருந்த பழைய மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டான். அது இரண்டடிக் காங்கிரீட்டில் நிற்பது.

மெஷின் அதிர்ந்த அதிர்வில் டம்ளரை வாங்கிய கையும் கடகடவென்று ஆடியது. பாதி டீ வெள்ளைச் சட்டையில். அட கருமமே என்று எழுந்து டம்ளரை ஸ்டூலில் வைத்தார். அது தானாகவே நகர்ந்து போய்க் கீழே விழுந்தது. மெஷினிலிருந்து வந்த கம்பியும் நெளிந்து நெளிந்துதான் வந்தது.

"எல்லாமே இப்படித்தான் வருதா?"

"பத்துக்கு ரெண்டுங்ணா. பழைய இரும்பு வெலைக்குத்தான் போகுது."

சிவராஜ் சட்டையை உதறிக்கொண்டே குழிக்குத் திரும்பினார். குனிந்து அதன் ஆழத்தைக் கண்ணால் அளந்தார்.

"காங்கிரீட் போட்டுட்டா நகத்தவே முடியாதா?"

"நம்ம காலத்துக்கு முடியாதுங்ணா."

"வாஸ்துக்காரர் வந்து சொன்னா?"

"அவரே வந்து தள்ளுனாலும் நகராதுங்ணா."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். பூபாலனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டீக்கறை பட்ட சட்டைப் பையிலிருந்து செக் புத்தகம் வெளியே வந்தது. கையெழுத்தும் விழுந்தது.

"பக்கத்துக் காட்டு நெலம் நம்முளுதுதானே?"

"ஆமாங்ணா."

"அங்கயும் அஸ்திவாரம் போடச் சொல்லு. பனியன் கம்பெனியவும் இங்கயே கொண்டாந்தர்றேன். ஏழு ஷெட் மாறிச் சலிச்சுப்போச்சுடா."