கழிப்பறைச் சுவரில் அப்பா

இந்த வருடம் வீட்ஸ்கவுக்குச் சீனப் பைத்தியம் பிடித்திருந்தது. நெதர்லாந்தின் ஸ்வோலெ நகரத்துப் பழைய சாமான் கடைகளில் ஒரு நீலப் பூச்சாடியைக்கூட மிச்சம் வைக்கவில்லை. கூடத்தில் சிவப்பு அரக்கு அலமாரி, சன்னலில் பறவையில்லாத மூங்கில் கூண்டு, கழிப்பறைச் சுவரில் கொக்குப் படத் தாள். மருமகள் சுக்ஃபான் பல்லைக் கடித்துக்கொண்டு, “நல்லாயிருக்கு அத்தை” என்று சொல்லி வந்தாள். சீன வம்சம்தான் என்றாலும், அதே நாட்டின் ரோட்டர்டாமில் பிறந்தவள் அவள். அவள் வீட்டில் இப்படி ஒரு சாமானும் இருந்ததில்லை.

மாமியாரின் பிறந்தநாளுக்குச் சொந்தக்காரர்கள் வட்டமாக நாற்காலி போட்டுக் கேக் தின்றுகொண்டிருந்தார்கள். கழிப்பறைக்குப் போன சுக்ஃபான் திகைத்துப்போனாள். போன வருடம் செத்துப்போன அவள் அப்பா, எதிர்ச் சுவரில், பொன்னிறச் சட்டத்துக்குள் சிரித்தார். நகல் எடுத்துத் தருவதாக மாமியார் வாங்கிப்போன படம். வேறு பிரதி கிடையாது.

சட்டத்தோடு கழற்றிக் கூடத்துக்கு வந்தாள்.

“எங்கப்பாவ கக்கூஸ்லயா மாட்டுவீங்க?”

“எங்கப்பா அம்மாவும் அங்கதானே இருக்காங்க? வர்றவங்க எல்லாரும் பாக்குற இடம்டி. பிரியமானவங்களத்தான் அங்க மாட்டுவோம், தெரியாதா உனக்கு?”

தெரியும். இந்த நாட்டில் பிறந்தநாள் நாட்காட்டியே அந்தச் சுவரில்தான் தொங்கும். கோபம் பாதி இறங்கிய நேரத்தில்தான் படத்தைச் சரியாகப் பார்த்தாள். அப்பாவின் கழுத்தில் இருந்த கால்பந்துக் குழு மஃப்ளர் இல்லை. அவர் தோளில் சாய்ந்திருந்த சின்னப் பெண்ணும் இல்லை.

“நான் எங்க?”

“அந்த மஃப்ளர் கொஞ்சமும் சீனமா இல்ல. நீ வேற பனியனும் தொப்பியுமா நின்ன. அதான் நறுக்கிட்டேன்.”

“நகல் எடுத்து நறுக்கக் கூடாதா?”

“ஒரிஜினல்லதான் அந்தப் பழுப்பு நிறம் இருக்கு.”

“வெட்டின துண்டு?”

“பழைய காகிதத்தோட போட்டேன். நேத்துதான் வண்டி வந்துச்சு.”

“அம்மா நல்ல மனசோடதான்...” என்று இழுத்தான் கணவன் யோரிட்.

சுக்ஃபான் படத்தை மாமியார் முன் நீட்டினாள்.

“காலம் பூரா துறைமுகத்துல கிரேன் ஓட்டின மனுஷன் அவரு! வாராவாரம் மைதானத்துல கத்திட்டு, தொண்டை கட்டிப்போய் வருவாரு. அவருகிட்ட சீனம் பத்தலயா உங்களுக்கு? நீங்க குப்பையில போட்டீங்களே, அதுதான் எங்கப்பா!”

அவள் யோரிட் பக்கம் திரும்பினாள்.

“நீ வர்றியா? இல்ல, அந்தக் கொக்குக்குப் பொருத்தமா உன்னையும் நறுக்கித் தரச் சொல்லட்டுமா?”

யோரிட் அம்மாவைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை.

சுக்ஃபான் தனியாக ரயிலேறினாள்.