மாஸ்டரம்மாவின் அளவு

வயிற்றில் ஆபரேஷன் செய்துகொள்ளப் போவதாக மாஸ்டரம்மா சொன்னதும் வீட்டில் எல்லோரும் முதலில் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்துக் கையைக் கூடக் கழுவாமல் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்த நேரம் அது. உடம்பு இளைப்பதற்காகச் செய்கிற ஆபரேஷன் என்று அவள் விளக்கிச் சொன்னாள். இரைப்பையைச் சின்னதாக்கி, குடலை மாற்றி இணைத்துத் தைத்துவிடுவார்களாம். அதைக் கேட்டதும் சிரிப்பு இன்னும் கூடியது.

சிரிப்புக்குக் காரணம் இருந்தது. அந்தக் குடும்பத்தில் அப்படியொரு ஆபரேஷன் யாருக்காவது வேண்டுமென்றால், அது பெரியக்காவுக்குத்தான். மாஸ்டரம்மாவின் நாத்தனார். நூற்றுப் பதினெட்டுக் கிலோ. எட்டு வருஷமாக டாக்டர்கள் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோனார்கள். "என் வயித்துல கத்தி வைக்கிறவன் இனிமேதான் பொறக்கணும்" என்று ஒரே பதிலை எல்லோருக்கும் சொல்லி அனுப்பியவள் அவள்.

"நானே சும்மா இருக்கேன், உனக்கு என்னடி வந்துச்சு?" என்றாள் பெரியக்கா. "எத்தனை கிலோ இருக்க நீ?"

"எண்பத்து மூணு, அண்ணி."

"எண்பத்து மூணா! என் ஒரு பக்கத்துக்குக் காண மாட்ட. போய்க் கையைக் கழுவு."

மாஸ்டரம்மாவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எத்தனை பேர் ஏறினால் எது தாங்கும் என்று பார்த்தவுடனே சொல்லிவிடுகிறவர். அவரும் மனைவியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ எங்கேம்மா குண்டு? நல்லாத்தானே இருக்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது.

தெரியாமல் பார்த்துக்கொண்டவளே மாஸ்டரம்மாதான். அவள் கட்டிங் மாஸ்டர். ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் சீருடை தைக்கிற கடையில், இருபது பேர் தைக்கும் துணியை அவள் ஒருத்தி வெட்டிப் போடுகிறாள். எந்த உடம்பையும் பாங்காகக் காட்டுகிற வெட்டு அவளுடையது. தொப்பை உள்ளவர் அவள் வெட்டிய கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றால் நிற்பது தானா, தன் தம்பியா என்று சந்தேகப்படுவார். அந்தக் கைவேலையை அவள் தனக்கும் செய்துகொண்டாள். தோளில் ஒரு நெளிவு, இடுப்புக்கு மேல் ஒரு மடிப்பு, பக்கத் தையலில் வருஷத்துக்கு அரை இஞ்ச் கூடுதல். பதினோரு வருஷமாகத் தனக்கென்று டேப்பைத் தொடாமல், தன் பழைய அளவு அட்டையின் மேல் கண்மட்டத்தில் கூட்டிக் கூட்டி வெட்டியிருக்கிறாள். வெட்டுகிறவர்கள் தங்கள் அளவைத் தாங்களே எடுப்பதில்லை, எடுத்தால் கை தானாக டேப்பை இறுக்கும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இன்னொருவரை எடுக்கச் சொல்லவோ அவளுக்கு மனசு வரவில்லை. ஊருக்கெல்லாம் அளவு எடுத்தவளுக்குத் தன் முதுகு தெரியாமல் போனது இப்படித்தான்.

ஆனால் ஆபரேஷன் அவளுக்கு அழகுக்காக இல்லை. சர்க்கரைக்காக. ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. மூன்று மாத்திரை, அப்புறம் காலையும் மாலையும் இன்சுலின். நடந்து பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள், வாரம் ஒரு ஊசியாகப் புது மருந்தையும் போட்டுப் பார்த்தாள். அது வாந்தியில் கொண்டுபோய் விட்டது. மூன்று மாசச் சராசரி ஒன்பதுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

எனக்கு இந்த ஆபரேஷன் செய்யலாமா என்று டாக்டரிடம் முதலில் கேட்டதே அவள்தான். கண்ணாடி போட்ட நிதானமான அம்மாள் அந்த டாக்டர். "முன்னெல்லாம் உங்க எடைக்கு இதை யோசிக்கவே மாட்டோம்" என்றார். "இப்போ, சர்க்கரை எதுக்குமே கட்டுப்படலைன்னா, இந்த எடையிலேயும் யோசிக்கலாம். ஆனா எல்லாருக்கும் சர்க்கரை போயிடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். சிலருக்குச் சில வருஷம் கழிச்சுத் திரும்பி வரும். சத்து மாத்திரையை ஆயுசுக்கும் விடக் கூடாது. ஆபரேஷன்னா அதுக்குன்னு உள்ள ஆபத்தும் உண்டு." ஒன்றையும் மறைக்காமல் சொன்னதாலேயே மாஸ்டரம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. துணி சுருங்கும் என்று முன்னாலேயே சொல்லி விற்கிற வியாபாரியை நம்பலாம். வெள்ளிக்கிழமைக்குள் போன் பண்ணிச் சரி என்று சொன்னால் தேதி குறிப்பார்கள் என்று ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குச் சந்தேகமே இல்லை. திங்கள் முதல்தான் தொல்லை. பெரியக்காவும் அதே கடையில்தான் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறாள். அந்த மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும் குரல் அவளுக்கு. "எங்க வீட்டு ஒல்லிக்குச்சிக்கு ஆபரேஷனாம்!" என்று அவள் ஆரம்பித்து வைக்க, கடையே மாஸ்டரம்மாவுக்குப் புத்தி சொன்னது. வெந்நீர் குடி என்றார்கள், ராத்திரி சாப்பாட்டை விடு என்றார்கள். இன்னும் இருபது கிலோ ஏறட்டும், அப்புறம் யோசி என்று ஒருத்தி சொன்னாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்யச் சொல்கிறாயா என்று மாஸ்டரம்மா திருப்பிக் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். ஆனால் நாலு பேர் சேர்ந்து நீ நல்லாத்தான் இருக்கே என்று நாலு நாள் சொன்னால் யாருக்கும் மனசு கொஞ்சம் ஆடும். வியாழக்கிழமை ராத்திரி கணவர் மெதுவாக, "உனக்கு எதாவது ஆயிடுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்று கேட்டார். அவர் பயந்ததில் அவளுக்கும் பயம் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம். வெட்டும் அறையில் அவளும் பெரியக்காவும் மட்டும். ஆஸ்பத்திரிக் கோட்டுக்கான வெள்ளைத் துணியை அடுக்கி, குண்டூசி குத்தி, வெட்டி முடித்திருந்தாள். வெள்ளைத் துணி புரளுகிற அறை என்பதால் உள்ளே யாருக்கும் செருப்பு கிடையாது. அது அவளே போட்ட சட்டம்.

"என்ன, போன் பண்ணிட்டியா?" என்றாள் பெரியக்கா.

"இன்னும் இல்ல அண்ணி."

"பண்ணாத. உன்னை தினம் பார்க்கிறவ நான். எனக்குத் தெரியாதா உன் அளவு? இடுப்பு முப்பத்தாறு. மிஞ்சிப் போனா முப்பத்தேழு."

மாஸ்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. கழுத்தில் கிடந்த டேப்பை உருவி மேஜைமேல் போட்டாள். "வாயால அளக்காதீங்க. டேப்பால அளங்க. நான் எழுதுறேன்."

பெரியக்கா சளைத்தவளா? எடுத்தாள். இடுப்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்து சேர்த்து எண்ணைப் பார்த்தாள். அவிழ்த்துவிட்டு இன்னொரு தரம் சுற்றினாள்.

"சொல்லுங்க அண்ணி."

"நாற்பத்து மூணு." கொஞ்சம் விட்டு, "டேப் பழசுடி" என்றாள்.

"நேத்து வாங்கினது."

வயிறு, இடுப்புக்குக் கீழ், தொடை என்று பெரியக்கா வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். மாஸ்டரம்மா ஒவ்வொன்றையும் சாக்பீஸால் மேஜை ஓரத்தில் எழுதினாள். முன்பின் தெரியாத யாரோ ஒருத்தியின் அளவை எழுதுவதுபோல்தான் இருந்தது. பயந்த அளவுக்குக் கேவலமாக இல்லை. சொல்லப்போனால் ஒரு பாரம் இறங்கியது.

"நீளமும் எடுத்துடுங்க. அரைகுறையா விட வேண்டாம்."

நீளம் எடுக்கத் தரையில் குந்த வேண்டும். பெரியக்காவுக்கு அது சாதாரண காரியமில்லை. மேஜைக் காலைப் பிடித்து, "அப்பா, ஆண்டவா" என்று முனகி, ஒருவழியாகத் தரையில் உட்கார்ந்து, டேப்பின் முனையைக் கணுக்காலுக்குக் கொண்டுபோனாள். கை அப்படியே நின்றுவிட்டது.

"காலைத் தூக்கு" என்றாள்.

"எதுக்கு?"

"தூக்குடி."

மேஜையைப் பிடித்துக்கொண்டு மாஸ்டரம்மா இடது காலைத் தூக்கினாள். குதிகாலில் ஒரு குண்டூசி முழுசாக உள்ளே போயிருந்தது. தட்டையான தலை மட்டும் தோலோடு தோலாக மின்னியது. சுற்றிலும் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"இது எப்போ குத்துச்சு?"

"எது அண்ணி?"

குனிந்து பார்க்க வயிறு விடவில்லை. பெரியக்கா ஊசியை நகத்தால் பற்றி இழுத்து, உள்ளங்கையில் வைத்து மேலே நீட்டினாள். காலையில் துணிக்குக் குத்திய ஊசி. அதற்குப் பிறகு அந்த அறையில் ஊசிப் பெட்டியை யாரும் திறக்கவில்லை. மூன்று மணி நேரம் அவள் அந்தக் காலில் நின்று, நடந்து, நாற்பது கோட்டு வெட்டியிருக்கிறாள்.

மாஸ்டரம்மா ஊசியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். "இது வலிச்சிருக்கணுமா அண்ணி?"

பெரியக்கா ஓவென்று அழுதுவிட்டாள். தன் தம்பி கல்யாணத்தில்கூடக் கண் கலங்காதவள். "வலிச்சிருக்கணும்டி. பாக்குற எனக்கே வலிக்குது" என்று அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒற்றைக் காலில் நிற்க முடியாமல் மாஸ்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. நாலு நாளாக மனசைப் போட்டு உலுக்கிய ஆட்டம் நின்றுவிட்டது. காலில் நின்று பிழைக்கிறவள். சர்க்கரையில் அந்தக் கால் தன்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டது. போன உணர்ச்சி திரும்புமோ என்னவோ, மிச்சம் இருப்பதையாவது விடக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு.

போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். முதலில் குதிகால் காயத்தைச் சொன்னாள். சாயங்காலமே வந்து காட்டச் சொன்னார்கள். அடுத்து, ஆபரேஷனுக்குச் சரி, தேதி வேண்டும் என்றாள். அந்தப் பக்கம் இருந்த பெண் வயது, உயரம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டே வந்தாள்.

"எடை?"

"எண்பத்து மூணு."

"எண்பத்து மூணுதானா மேடம்? இந்த ஆபரேஷனுக்குத்தானே கேக்குறீங்க?"

மாஸ்டரம்மா வாயைத் திறப்பதற்குள் தரையிலிருந்து ஒரு கை வந்து போனைப் பிடுங்கியது.

"எண்பத்து மூணுதாம்மா!" என்றாள் பெரியக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கடை முழுக்கக் கேட்கிற குரலில். "என்னை மாதிரி ஆகுற வரைக்கும் காத்திருக்கச் சொல்றியா? தேதியைச் சொல்லு."