நூற்றுப் பன்னிரண்டாவது எலும்பு

அந்த டால்பினில் ஓர் எலும்பு அதிகமாக இருந்தது.

குறைந்திருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டேன். கரை ஒதுங்கி, இரண்டு வருடம் மணலுக்குள் கிடந்து, வனத்துறை அனுமதியோடு தோண்டி எடுக்கப்பட்ட டால்பின் அது. நாய் தூக்கிப் போயிருக்கும், அலை அடித்துப் போயிருக்கும் என்று எழுதிவிடலாம். அதிகமாக இருந்தால் என்னவென்று எழுதுவது?

என் பெயர் மஹீரா. பி.எஸ்சி. விலங்கியல். திருவிடந்தைக்குப் பக்கத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்னக் கடல் அருங்காட்சியகத்தில் மூன்று மாத இன்டர்ன்ஷிப். செங்கல்பட்டிலிருந்து தினமும் இரண்டு பஸ். எலும்பைக் கழுவி, வெளுக்க வைத்து, காய வைத்து, எண் போட்டு, பதிவேட்டில் எழுத வேண்டும். எலும்புகள் கேள்வி கேட்பதில்லை. 'ஏம்மா பேசவே மாட்டேங்கற' என்று சொல்வதில்லை. இப்படி ஒரு வேலை இருப்பதைப் பள்ளியிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

இன்னொரு இன்டர்ன் ஹரிகிருஷ்ணன். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வீடு. பி.எட். முடித்தவன். நான் பேசாத அத்தனையையும் சேர்த்து அவன் பேசினான். காலையில் 'குட் மார்னிங்' என்று ஆரம்பித்தால் சாயந்திரம் பஸ் ஏறும்போதுதான் அந்த வாக்கியம் முடியும்.

மூன்று மாதம் முடிந்ததும் எங்களில் ஒருவருக்கு ஒரு வருட வேலை உண்டு. பதவியின் பெயர் கல்வி உதவியாளர். வருகிற பள்ளிப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் சுற்றிக் காட்டிப் பேச வேண்டும். எனக்கு அந்த வேலை வேண்டும். 'பேச வேண்டும்' என்ற இடத்தை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு அந்த அறிவிப்பைப் பலமுறை படித்தேன். கிடைக்காவிட்டால் தௌசிஃப் மாமாவின் செல்போன் கடையில் கவுன்ட்டர். அங்கேயும் பேசத்தான் வேண்டும். டால்பின் இருக்காது.

அதிகமாக வந்த எலும்புக்கு வருகிறேன்.

எலும்புகளுக்காக நான்கு வெள்ளைத் தட்டுகள் வைத்திருந்தோம். நான்தான் ஒரு தாளில் எழுதி ஒட்டினேன்: 'எலும்புகளை இங்கே வைக்கவும்'. மூன்றாவது தட்டிலிருந்து அது வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. நடுவில் பெரிய ஓட்டை, இரண்டு பக்கமும் சின்ன ஓட்டை. முள்ளெலும்பு என்று தெரிந்தது. ஆனால் டால்பினின் எந்த இடத்திலும் அது பொருந்தவில்லை. கழுத்தில் வைத்தேன், வாலில் வைத்தேன். கடைசியில் பதிவேட்டில் எழுதினேன்: '112. அடையாளம் காணப்படவில்லை.'

விலங்கியல் படித்தவளுக்கு இது தெரிய வேண்டாமா என்று கேட்கலாம். எங்கள் கல்லூரியில் எலும்புக்கூடு வைத்த அலமாரி பூட்டியே இருந்தது. சாவி ஓய்வு பெற்றுப் போன ஒருவரிடம் இருந்தது. மூன்று வருடமும் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தோம்.

காப்பாளர் கல்யாணி மேடம் படித்தது வரலாறு. பாறையில் கீறல் தெரிந்தால் நூற்றாண்டு சொல்வார். எலும்பு அவருக்குப் புதிது. 112-ஐ வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கண் பெரிதானது.

"மஹீரா, இது யாருக்குமே தெரியாத ஒன்னா இருந்தா?"

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் 'அப்படித் தோன்றவில்லை, மேடம்' என்று சொல்ல எனக்கு நான்கு நாள் ஆகும். அதற்குள் அறக்கட்டளைச் செயலாளர் திருநாவுக்கரசு சாருக்குப் போன் போய்விட்டது. அவர் இரண்டு கல்யாணத்திலும் ஒரு கிரகப்பிரவேசத்திலும் அதைப் பற்றிப் பேசிவிட்டார். 112-க்குத் தனிக் கண்ணாடிப் பெட்டி வந்தது, உள்ளே ஒரு குட்டி விளக்கோடு. ஹரி பலகை எழுதினான்: 'மர்ம எலும்பு. கடல் மறைத்து வைத்த ரகசியம்.'

வியாழக்கிழமை திருப்போரூரிலிருந்து ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வருவதாக ஏற்பாடு. செயலாளரும் வருவார். முதல் பாதியை நான் நடத்த வேண்டும், இரண்டாம் பாதியை ஹரி. பார்த்துவிட்டு அன்றே யாருக்கு வேலை என்று சொல்லிவிடுவார்கள்.

வியாழன் காலை அம்மா தோசையும் நெஞ்சு, கழுத்து எலும்பு போட்ட சால்னாவும் வைத்தார். பயத்தில் நான் தோசையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தேன். தங்கை ஜன்னாவுக்கு எந்தப் பயமும் இல்லை. ஓர் எலும்பை எடுத்து உறிஞ்சினாள், திருப்பி உறிஞ்சினாள், தட்டில் 'டொக்' என்று போட்டாள்.

நடுவில் பெரிய ஓட்டை. இரண்டு பக்கமும் சின்ன ஓட்டை.

"இன்னா அப்பிடி பாக்கற? வேணும்னா கொழம்புல இன்னொன்னு கீது," என்றாள் ஜன்னா.

நான் அவள் தட்டிலிருந்த எலும்பை எடுத்துக் குழாயடிக்கு ஓடினேன். சோப்புப் போட்டுக் கழுவினேன். சந்தேகமே இல்லை. 112-இன் அண்ணனோ தம்பியோ. மழை பெய்த ஒரு சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. எல்லோருக்கும் சேர்த்து அம்மா பிரியாணி கொடுத்தனுப்பியிருந்தார். வராந்தா நனைந்துவிட்டதால் எலும்பு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அன்று சாயந்திரம் நான் மூன்றாவது தட்டை அப்படியே பெராக்சைடில் கொட்டி ஊற வைத்தேன். எல்லாம் ஒரே வெள்ளையாக வெளுத்து வந்தது.

"அம்மா, அவ எலும்ப கைப்பையில போட்டுகினு போறா!" என்று ஜன்னா கத்துவது தெருமுனை வரை கேட்டது.

பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வந்தது. திருக்கழுக்குன்றம் வரும்வரை சிரிப்பு. அதற்குப் பிறகு பதிவேடு நினைவுக்கு வந்தது. அதில் இருப்பது என் கையெழுத்து. சிரிப்பு நின்றது. மாமல்லபுரத்தில் அடுத்த பஸ் ஏறியதும் மறுபடி வந்தது. பக்கத்து சீட்டு அம்மாள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

முதலில் ஹரியிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

"ஹரி."

"வந்துட்டியா, நல்லவேளை, நேத்து ராத்திரி ஒரு ஐடியா வந்துச்சு, லைட்ட அணைச்சிட்டு பெட்டியில மட்டும் லைட்டு..."

"ஹரி."

"...பசங்க மூச்சே விட மாட்டாங்க பாரு, நான் மெதுவா நடந்து வரேன்..."

"ஹரி, அந்த..."

"...அப்ப நீ சுவிட்ச் போடற, ஓகே?"

வாசலில் வேன் வந்து நின்றது. முப்பத்தெட்டுப் பேர் இறங்கினார்கள்.

என் பாதி சங்கு, சோழி, பவளப்பாறை. இருபது நிமிடம் பேச வேண்டியதை ஆறு நிமிடத்தில் முடித்தேன். பேசினேன் என்பதே எனக்கு மட்டும்தான் தெரியும். "மிஸ், சவுண்டு!" என்றது பின்வரிசை. செயலாளர் காதுக்குப் பின்னால் கை வைத்துக் கேட்டார். பிறகு கையை எடுத்துவிட்டார். கல்யாணி மேடம் என்னைப் பார்க்காமல் சங்கைப் பார்த்தார்.

ஹரி ஆரம்பித்தான். நன்றாகத்தான் செய்தான். டால்பின் எப்படிக் கத்தும் என்று கத்திக் காட்டினான். பிள்ளைகள் கூடவே நகர்ந்தார்கள். விளக்கு அணைந்தது. நான் சுவிட்சைப் போட்டேன். கண்ணாடிப் பெட்டி மட்டும் ஒளிர்ந்தது.

"இது என்ன?" என்றான் தாழ்ந்த குரலில். "எந்த விலங்கு? எத்தனை ஆயிரம் வருஷம் கடலுக்கு அடியில கிடந்துச்சு?"

எனக்கு முன்னால் இரட்டை ஜடை போட்ட ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளின் காதைக் கடித்தாள். "டீ, எங்க வூட்ல ஞாயித்துக்கெழம போடுவாங்களே, அது மாரியே கீதுடீ." அடுத்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அந்தக் குலுக்கல் வரிசையில் ஒவ்வொருவராகத் தாண்டிப் போவதை நான் பார்த்தேன்.

ஹரிக்கு எதுவும் தெரியவில்லை. இன்னும் ஒரு நிமிடம். மொத்த வகுப்பும் வெடித்துச் சிரிக்கும். ஏன் என்று தெரியாமல் அவன் நடுவில் நிற்பான், செயலாளர் முன்னால். வேலை எனக்கு வந்துவிடும். அதற்கு நான் சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பதில் இந்த ஈ.சி.ஆர். சாலை முழுக்க என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

நான் கையைத் தூக்கினேன். வகுப்பில் தூக்குவதுபோல.

"என்ன, மஹீரா?"

"அது ஆடு," என்றேன்.

எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். இரண்டாவது முறை எங்கிருந்தோ பெரிதாக வந்துவிட்டது. "அது ஆட்டெலும்பு! கழுத்து எலும்பு! எங்க வீட்டுப் பிரியாணியில இருந்தது. தெரியாம நம்பர் போட்டது நான்தான்."

யாரோ விளக்கைப் போட்டார்கள். முப்பத்தெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஓடு பறந்துவிடும் போலிருந்தது. நான் கைப்பையைத் திறந்து ஜன்னாவின் எலும்பை எடுத்துப் பெட்டிமேல் வைத்தேன். கல்யாணி மேடம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க மேசைக்கு வந்தது சரி. தட்டுக்குள்ள எப்படிப் போச்சு?" என்றார்.

வாசற்படியில் செல்வராஜ் அண்ணன் நின்றிருந்தார். தோட்டம், டிக்கெட், பெருக்குவது எல்லாம் அவர்தான்.

"நான்தாம்மா வெச்சேன்."

"நீங்களா?"

"ஆமா. அன்னிக்கி துன்னு முடிச்சிட்டு எலும்ப எங்க போடறதுன்னு பாத்துகினு இருந்தேன். பாப்பா எய்தி ஒட்டியிருந்துச்சு. எலும்புகளை இங்கே வைக்கவும்னு. சரி, நல்ல ஏற்பாடா கீதேன்னு வெச்சேன்." சுற்றிலும் பார்த்தார். "இன்னா தப்பு?"

மறுபடி ஓடு பறந்தது.

செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. நேராக வந்தார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். 112-ஐ எடுத்தார். முகர்ந்து பார்த்தார்.

"எந்த அரிசி?" என்றார் என்னிடம்.

"சீரகச் சம்பா, சார்."

"இத பத்தி என் சம்பந்தி வீட்டுல அரை மணி நேரம் பேசியிருக்கேன்மா," என்றார். பிறகு அவர் தொப்பை குலுங்க ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

அப்போது இரட்டை ஜடைக்காரி கேட்டாள்: "மிஸ், அப்ப டால்பினோட கழுத்து எலும்பு எங்க?"

எனக்கு விடை தெரிந்த கேள்வி அது. யோசிக்கும் முன்பே வாய் திறந்துவிட்டது.

"எல்லாரும் கழுத்துக்குப் பின்னால கை வைங்க. தலைய குனிங்க. ஒரு மேடு தட்டுதா? அதுதான் ஏழாவது எலும்பு. உங்க கழுத்துல ஏழு. ஆட்டுக்கு ஏழு."

"ஒட்டகச்சிவிங்கிக்கு, மிஸ்?"

"ஏழு."

"பொய்!"

"ஏழுதான். ஒவ்வொன்னும் ஒரு சாண் நீளத்துக்கு மேல இருக்கும். எலிக்கும் ஏழு. டால்பினுக்கும் ஏழு." டால்பின் மேசைக்கு ஓடினேன். அவர்களும் ஓடி வந்தார்கள். "இதோ பாருங்க, காசு அடுக்கின மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. அதனால பெரும்பாலான டால்பினால கழுத்த மட்டும் திருப்பிப் பார்க்க முடியாது. யாராவது கூப்பிட்டா உடம்போட திரும்பணும்."

ஒருவன் உடனே கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு உடம்போடு திரும்பினான். அடுத்தவன்மேல் இடித்தான். அவன் திரும்பினான். ஒரு நிமிடத்தில் அறை முழுக்க முப்பத்தெட்டு டால்பின்கள். ஒருவரை ஒருவர் கூப்பிட்டு, திரும்பி, முட்டி, விழுந்தார்கள். செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கழுத்தைத் தடவி எண்ணிக்கொண்டிருந்தார். செல்வராஜ் அண்ணன் துடைப்பத்தோடு உடம்போடு திரும்பிப் பார்த்தார். நான் நாற்பது நிமிடம் பேசியிருக்கிறேன். ஹரி பிறகு சொன்னான். எனக்கு நாலு நிமிடம் போலத்தான் இருந்தது.

பிள்ளைகள் சாப்பிடப் போனதும் மேடம் பதிவேட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"தப்பா எழுதினது யாரு?"

"நான், மேடம்."

"அடிச்சுக் கிடிச்சு வைக்காத. பக்கத்துல திருத்தம் எழுதி, தேதி போடு. மத்த எலும்பையும் ஒவ்வொன்னா சரி பாரு. அதுக்கு உனக்கு ஒரு வருஷம் தரேன். சார்கிட்ட கேட்டுட்டேன்."

புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பேனாவைத் தலைகீழாகப் பிடித்து எழுதப் பார்த்தேன்.

ஹரி வராந்தாவில் பேசாமல் உட்கார்ந்திருந்தான். நான் பார்த்த வரையில் அவன் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் போய் நின்றேன்.

"வந்த உடனே எங்கிட்ட சொல்லியிருக்கலாம் நீ," என்றான்.

"கூப்பிட்டேன். மூணு தடவை."

யோசித்தான். "நெஜமாவே மூணு தடவையா?"

"மூணாவது தடவை 'அந்த' வரைக்கும் வந்துட்டேன்."

சிரிக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தான் போல. முடியவில்லை. "வருத்தமாத்தான் இருக்கு," என்றான் சிரித்துக்கொண்டே. "ஆனா நீ வாய மூடிகினு இருந்திருந்தா நான் அந்த நடுவுல..." மிச்சத்தைச் சொல்லவில்லை. என் குரல் கரகரத்திருப்பதைக் கவனித்து, தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

நான் குடித்து முடிப்பதற்குள் வாசலில் இன்னொரு வேன் வந்து நின்றது. வழியில் டயர் பஞ்சராகித் தாமதமான ஏழாம் வகுப்பு 'பி' பிரிவு.

"போ," என்றார் மேடம்.

"இப்பவா, மேடம்?"

"வேற எப்ப?"

போனேன். முப்பத்தாறு பேர் வரிசையாக நின்றார்கள். புது இடம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. செருப்பைப் பார்த்தார்கள், பக்கத்துப் பிள்ளையின் பையைப் பார்த்தார்கள், என்னை மட்டும் பார்க்கவில்லை.

"உங்க கழுத்துல எத்தனை எலும்பு இருக்குன்னு யாருக்காவது தெரியுமா?"

முன்வரிசையில் ஒரு பெண்ணுக்குத் தெரியும் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கை இடுப்புவரை வந்து இறங்கிப் போனது.

"பரவாயில்ல," என்றேன். "மொதல்ல நான் பேசறேன்."