சின்னபொண்ணு ஊற்றிய கஞ்சி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில், மாசி மாதம் தையல்நாயகிக்கு ஆரம்பித்த வயிற்றுவலி ஆடி பிறந்தும் விடவில்லை. சாப்பிட்ட சிறிது நேரத்தில் தொப்புளுக்கு வலப்பக்கம் கயிறு திரிப்பதுபோல் முறுக்கும். குடல் கடகடவென்று உருளும். உடனே கொல்லைக்கு ஓட வேண்டும். ரவிக்கையெல்லாம் தொளதொளத்துப் போயிற்று. திண்டிவனத்து வைத்தியர் சூடு என்றார். கம்பவுண்டர் பூச்சி என்றார். மாமியார் லட்சுமியம்மாள் வேறொன்று சொன்னாள்.

"இது நோவு இல்லடா கண்ணையா. உன் பொண்டாட்டிக்கு சோத்துல மருந்து வெச்சிருக்காங்க. உன் தம்பி பொண்டாட்டி வந்தப்புறம்தானே இவ எளைச்சா?"

தம்பி பெண்டாட்டி சின்னபொண்ணு தை மாதம்தான் வாழ்க்கைப்பட்டு வந்தவள். மாமியார் இப்படிச் சொன்ன நாளிலிருந்து அவளை அடுப்பண்டை விடவில்லை. தொழுவத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

தையல்நாயகி புருஷனை நச்சரித்து விழுப்புரத்துக்குப் போனாள். அங்கே டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்து, சுண்ணாம்புத் தண்ணி போல ஒன்றைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்.

"ஒரு சந்தேகம் இருக்கும்மா. படத்தை மெட்ராஸுக்கு அனுப்பிக் கேக்கணும். அதுவரைக்கும் கஞ்சியா, கொஞ்சம் கொஞ்சமா குடி."

வீடு திரும்பினால், வயிற்றில் வைத்த மருந்தை எடுக்கிறவனைக் கூட்டேரிப்பட்டிலிருந்து வரச்சொல்லி மாமியார் ஆள் அனுப்பியிருந்தாள். வைத்தது யார் என்றும் அவன் சொல்லிவிடுவானாம். சின்னபொண்ணு தாய்வீடு போகத் துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். பேர் தெரியாத நோவுக்கு இந்தப் பெண்ணின் பேரை வைத்துவிட்டார்களே என்று தையல்நாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மூட்டைய அவுரு. தொழுவத்தாண்ட அடுப்பு கூட்டி எனக்குக் கஞ்சி வெய்யி."

"வேணாங்க்கா. வலி வந்தா என்னைத்தான் சொல்லுவாங்க."

"வரட்டும். நான் பாத்துக்கறேன்."

அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்க்க, வாசலிலேயே உட்கார்ந்து குடித்தாள். முதல் வாய் விழுங்கும்போது அவளுக்கும் உள்ளூரப் பயம்தான். அதை முகத்தில் காட்டவில்லை. வலி வரத்தான் வந்தது.

"பாத்தியா?" என்றாள் மாமியார்.

"நேத்து நீங்க ஊத்தினப்பவும் வந்துச்சே அத்தே."

மருந்து எடுக்க வந்த ஆளை வெற்றிலைபாக்கு கொடுத்துத் திருப்பி அனுப்பினாள் தையல்நாயகி. அப்புறம் தினமும் சின்னபொண்ணு கைக் கஞ்சிதான். வலி முறுக்கும்போது சின்னபொண்ணு உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பாள். முடிந்த நாளில் தையல்நாயகி களை வெட்டினாள். முடியாத நாளில் வரப்பில் உட்கார்ந்துகொண்டாள். பயம் அவளை விட்டுப் போகவில்லை. ஆனால் அதை யார் தலையிலும் இறக்கிவைக்க அவள் இடம் கொடுக்கவில்லை.

ஆவணியில் டாக்டரம்மா வரச்சொன்னபோது மாமியாரையும் பிடிவாதமாக அழைத்துப்போனாள்.

"குடல்ல காசம்," என்றார் டாக்டரம்மா. "நெஞ்சுல வர்ற அதே கிருமிதான். வருஷத்துக்கு மேல ஊசியும் மாத்திரையும் விடாம எடுத்துக்கணும். கட்டாயம் குணமாயிடும்."

"மருந்து வெச்சா இப்பிடி வருங்களா?" என்று கேட்டாள் தையல்நாயகி.

"கிருமியாலதாம்மா வரும். யாரும் வெச்சு வராது."

"எங்க அத்தைக்குக் காது கொஞ்சம் மந்தம். இன்னொருவாட்டி சொல்லுங்கம்மா."

டாக்டரம்மா உரக்கச் சொன்னார். நல்ல காதுள்ள லட்சுமியம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காசம் என்று கேட்டுவிட்டும் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தவள் தையல்நாயகி ஒருத்தியாகத்தான் இருக்கும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் தொழுவத்துப் பக்கம் போய், "எழுந்து வாடி. உள்ள வந்து சோறாக்கு," என்றாள். சின்னபொண்ணு அங்கேயே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். தையல்நாயகி போய்க் கைப்பிடித்துக் கூட்டிவந்தாள்.

மறு வருஷம் மல்லாட்டைக் கடலை பிடுங்கும்போது, தொளதொளத்துக் கிடந்த ரவிக்கை தையல்நாயகியின் கையை இறுக்கிப் பிடித்தது. ஓரகத்திகள் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு பிடுங்கினார்கள். தையல்நாயகி ஒரு சால் முந்திப் போய், மறுகோடியில் நிமிர்ந்து நின்று, "வாடி, ஜல்தி வா," என்று கூப்பிட்டாள்.