இரண்டு கரண்டி கனல்

வாசலில் மமரசூல் மறுபடியும் ஓலத்தை எடுத்தான். துக்க வழக்கப்படி இடுப்பில் கச்சை, கையில் கம்பு. துக்கத்துக்கு வருகிறவர் தெருமுனையில் தெரிந்தால் போதும், "ஐயோ, என்னப் பெத்தவரே!" ஆள் உள்ளே போனதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு கைபேசியைப் பார்ப்பான். தூ, இதுவும் ஒரு அழுகை.

உள்ளறையில் பெண்களுக்கு நடுவே இருந்த தங்கை ஓய்தினுக்கு எல்லாம் கேட்டது.

"நல்லாத்தானப்பா இருந்தாரு?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"சர்க்கரை வியாதி. போதாக்குறைக்கு என் தங்கச்சி கண்ட களிம்பையும் பூசிப் பூசிக் கால அழுக வச்சுட்டா."

பெண்கள் அவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஒன்பது வருஷம்! தண்ணீரின் சூட்டைத் தன் முழங்கையில் பார்த்து, அப்பாவின் காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் ஒற்றி, அங்கே படாமல் குதிகாலுக்கு மட்டும் களிம்பு பூசி, கண்ணாடி பிடித்து உள்ளங்காலைப் பார்த்தவள் அவள். ஒரு கீறல் வந்ததில்லை. "கால் இருக்கான்னே தெரியலம்மா, நீதான் சொல்லணும்" என்று சிரிப்பார்.

போன மாதம் தாஷ்கண்டிலிருந்து வந்த மகனுக்குப் பாசம் பொங்கிவிட்டது. அவள் சந்தைக்குப் போன நேரம், ஒன்பது வருஷமாக அவள் மூடி வைத்திருந்த குளிருக்குக் கால் காயும் சந்தலிக் குழியைத் திறந்து இரண்டு கரண்டி கனலைக் கொட்டினான். மேலே மேசை, அதன்மேல் மெத்தைப் போர்வை. அப்பாவின் காலை உள்ளே விட்டு உட்கார வைத்தான். அவள் திரும்பியபோது தீய்ந்த வாடை. அப்பா நிம்மதியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

வெந்த இடத்தில் ஆட்டுவால் கொழுப்பை அப்பியதும் அந்த மேதைதான். ஆஸ்பத்திரி என்று அவள் கத்தியதற்கு, "ஆம்பள நான் இருக்கேன்ல" என்றான். ஆறாம் நாள் காய்ச்சல் ஏறிய பிறகுதான் வண்டி பிடித்தான்.

சாயங்காலம் ஆண்கள் அடக்கம் முடித்துத் திரும்பினார்கள். பனியில் நின்ற மமரசூலுக்குப் பல் கிட்டியது.

"ஓய்தின், சந்தலி போடு."

போட்டாள். எல்லோரும் சுற்றி உட்காரும் முன்பே காலுறையைக் கழற்றிக் காலை உள்ளே நீட்டியவன் துள்ளி எழுந்தான்.

"ஐயோ, சுடுதுடி! எவ்ளோ போட்ட?"

"ரெண்டு கரண்டி. அன்னிக்கு அப்பாவுக்கு நீ போட்ட அளவுதாண்ணே."

பக்கத்து வீட்டுக்காரர் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். மமரசூல் சிவந்த குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

ஓய்தின் அலமாரியிலிருந்து பாதி தீர்ந்த களிம்பு டப்பாவை எடுத்து அவன் பக்கம் தள்ளினாள்.

"விரலிடுக்குல பூசாத" என்றாள்.